விற்றவரின் காப்புறுதி அட்டையோடு மலையேறாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் ஆரம்பித்த பிறகு பழைய கார்களின் விலை போகும் போக்கை உங்கள் பத்திரிகை விரிவாக எழுதியது. காப்புறுதி பற்றி ஒரு வரிகூட இல்லை. லைசன் எடுத்து ஓரிரு வருடத்தில் முதல் காரை விற்று அடுத்ததை வாங்கும் மலையக இளைஞர்கள் சறுக்குவது அங்கேதான்.

குருநாகல் கார் சேலில் வாங்கி, விற்றவர் தந்த காப்புறுதி அட்டையை நம்பிக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஓட்டி வருகிறார்கள். அட்டையில் இன்னும் நான்கு மாதம் இருக்கலாம். ஆனால் அந்த ஒப்பந்தம் விற்றவரோடு செய்தது. நிறுவனம் எழுத்தில் ஏற்காமல் வாங்கியவருக்கு மாறாது. ஆகவே முதல் நாளே சேசிஸ் இலக்கம், எஞ்சின் இலக்கம், தயாரிப்பு வருடம், விலை ஆகியவற்றைக் கொடுத்து, சாவி கைக்கு வரும் நேரத்திலிருந்து செல்லும் கவர் நோட்டை, அதாவது பொலிசி வரும்வரை செல்லும் தற்காலிகக் காப்புறுதிச் சான்றை, எடுங்கள். பாவித்த காருக்கு முழுக் காப்புறுதி என்றால் படம் அல்லது நேரடிப் பரிசோதனை கேட்பார்கள். அது முடியும்வரை கவர் நோட் முழுக் காப்பா, மற்றவருக்கு வரும் சேதத்துக்கான மூன்றாம் தரப்பு மட்டுமா என்று கேட்டுவிடுங்கள். நீங்கள் விற்கும் காரைக் கையளிக்கும்வரை அதன் காப்புறுதியை நிறுத்தவும் வேண்டாம்.

அதே நிறுவனத்தில் தொடர்வதானால் பொலிசியை ரத்து செய்யாமல் வாகனத்தை மாற்றித் தரக் கேட்கலாம். நடுவில் ரத்து செய்தால் மீதி நாட்களுக்கான பணம் முழுதாக வராது. பல நிறுவனங்கள் குறுகிய காலக் கட்டணப்படி அதிகமாகவே கழிக்கின்றன. நிறுவனத்தை மாற்றினால் நோ கிளைம் போனஸுக்கு, அதாவது நட்டஈடு கேட்காத வருடங்களுக்கான கழிவுக்கு, பழைய நிறுவனத்திடம் உறுதிக் கடிதம் வாங்குங்கள். அந்தச் சலுகை காருக்கு உரியதல்ல, பொலிசிக்காரருக்கு உரியது. இங்கே பல வீடுகளில் பொலிசி அப்பாவின் பெயரில், ஓட்டுவது மகன். எத்தனை வருடம் மோதாமல் ஓட்டினாலும் சலுகை சேர்வது அப்பாவுக்குத்தான். அதைவிட மோசம், ஓட்டுபவர் யார், லைசன் எப்போது எடுத்தார் என்பதை முன்மொழிவுப் படிவத்தில் மறைப்பது. புதிய சாரதிக்குக் கூடுதல் எக்ஸஸ் (நட்டத்தில் நாமே ஏற்க வேண்டிய தொகை) விதிக்கும் பொலிசிகள் உண்டு. மறைத்தால் நட்டஈடே மறுக்கப்படலாம். தனியார் பாவனை என்று எழுதிவிட்டு வாடகைக்கு ஹயர் ஓடுவதும் அப்படியே.

கட்டுப்பணத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதும் வழக்கம் வேறு. 60 இலட்சம் பெறுமதியான காரை 45 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால் அது முக்கால் பங்குதான். குறைத்துக் காட்டிய விகிதப்படியே நட்டஈட்டையும் குறைக்கும் சராசரி விதி உள்ள பொலிசியில் 4 இலட்சம் திருத்தச் செலவுக்கு 3 இலட்சமே கிடைக்கும், அதிலும் எக்ஸஸ் கழியும். விலை ஏறி இறங்கும் இந்நாட்களில், போன வருட மதிப்பை அப்படியே புதுப்பிப்பதும் இதே பள்ளத்தில்தான் தள்ளும்.

மண்சரிவு, வெள்ளம், மரம் விழுதல் ஆகியன அடிப்படைக் காப்பில் உண்டா, மேலதிகப் பணமா என்பதை ஹட்டன், இறம்பொடைப் பக்கம் ஓடுபவர்கள் கையெழுத்திடுமுன் வாசித்துவிட வேண்டும். லீசிங் என்றால் முழுக் காப்புறுதிதான் கேட்பார்கள். லீசிங் நிறுவனத்தின் பெயரும் பொலிசியில் வரவேண்டும். நட்டஈட்டில் பிணக்கு வந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். தொலைபேசியில் சண்டை பிடித்ததற்குக் கோப்பில் இடமில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்.