லோடு வண்டியில் சின்ன ஒடுக்கு: க்ளெய்முக்கு ஓடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்பேடு, பாரிமுனை, காசிமேடு என்று சரக்கு ஏற்றி இறக்கும் எந்த இடத்திலும் பிக்கப், குட்டி யானை வண்டிகள் இடைவெளியே இல்லாமல்தான் நிற்கின்றன. ரிவர்ஸ் எடுக்கும் பக்கத்து வண்டி பம்பரிலோ சைடு போர்டிலோ இடித்துவிட்டுப் போவது அன்றாடம் நடக்கிறது. உரிமையாளர்களில் சிலர் உடனே இன்சூரன்ஸ் க்ளெய்ம் போடுகிறார்கள். பலர் "ஓடுற வண்டிதானே" என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டிலுமே கைக்காசு போகிறது.

முதலில் க்ளெய்ம் கணக்கு. ஒரு வருடம் க்ளெய்ம் இல்லாவிட்டால் சொந்த சேதப் பிரீமியத்தில், அதாவது நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பிரீமியத்தில், 20 சதவீதம் தள்ளுபடி. இதுதான் நோ க்ளெய்ம் போனஸ். அடுத்தடுத்த வருடங்களில் 25, 35, 45, 50 என்று ஏறும். இப்போது 35 சதவீதத்தில் இருப்பவர் க்ளெய்ம் போடாவிட்டால் வரும் மூன்று புதுப்பித்தல்களில் 45, 50, 50 கிடைக்கும். போட்டுவிட்டால் 0, 20, 25. வித்தியாசத்தைக் கூட்டினால் 100 சதவீதம், அதாவது ஒரு முழு வருடத்தின் சொந்த சேதப் பிரீமியம். அது 12,000 ரூபாய் என்றால், 5,000 ரூபாய் வேலைக்காக 12,000 ரூபாயை இழக்கிறோம். அந்த 5,000 ரூபாயும் முழுதாக வராது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி கழிப்பார்கள். பெயின்ட் பொருளுக்கும் பாதிதான். தகட்டு பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு: 5 வயதைத் தாண்டி 10 வயதுக்குள் இருக்கும் வண்டிக்கு 40 சதவீதம். ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் தனி.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. சரக்கு வாகனப் பாலிசியில் ஐஎம்டி 23 என்ற கூடுதல் பிரிவைச் சேர்க்காவிட்டால் லைட், மட்கார்டு, பம்பர், பானெட்டின் பக்க பாகங்கள், பெயின்ட் எதற்கும் பணம் கிடையாது. பார்க்கிங்கில் அடிபடுவது பெரும்பாலும் இவைதான். சொந்தக் காருக்கு இந்தச் சிக்கல் இல்லாததால், கார் வைத்திருந்து பழகியவர்கள் பிக்கப்புக்கும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள். கேபினும் சேசிஸும் மட்டும் வாங்கி வெளியே லோடு பாடி கட்டியவர்கள், பாடியின் மதிப்பும் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இடித்த வண்டி நிற்கும்போதே இரண்டு நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு போட்டோ, அடிபட்ட இடத்தை ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுங்கள். இடித்தவர் நிற்காமல் போயிருந்தால் அன்றைக்கே பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவைக் கேளுங்கள். பழைய பதிவு மேல் புதிய பதிவு ஏறி அழிந்துவிடும். அடுத்தவர் சொத்துக்குச் சேதம் ஏற்படுத்திய டிரைவர், அங்கே போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு. கையில் காசு கொடுத்துப் பேசி முடிப்பதாக இருந்தால், டெயில் போர்டைத் திறந்து மூடிப் பார்த்த பிறகு பேசுங்கள். வெளியே சின்ன ஒடுக்காகத் தெரியும்; உள்ளே கீல் வளைந்து கொக்கி மாட்டாமல் போயிருக்கும்.

இனி வேலை. அடிபட்ட இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவினால், கீறல் என்று நினைத்ததில் பாதி அடுத்த வண்டியின் பெயின்ட்தான் என்று தெரியும். அது ரப்பிங் காம்பவுண்டில் போய்விடும். நகம் மாட்டாத கீறலுக்கும் அதுவே போதும். தகடு தெரிந்தால்தான் அவசரம். கடல் காற்று அடிக்கும் இந்த ஊரில் வெறும் தகடு ஓரிரு நாளில் துருப்பிடிக்கத் தொடங்கும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் துரு பெயின்டுக்கு அடியில் ஊர்ந்து கொப்புளம் கிளப்பும். 320 எமரி தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, காய்ந்ததும் பிரைமர் அடித்துவிட்டால் போதும். கலர் பிறகு அடித்துக்கொள்ளலாம். லோடு பாடியின் உட்பக்கத்துக்கு ரெட் ஆக்சைடு பிரைமரே தாராளம்; அங்கே பளபளப்புக்குச் செலவழிப்பது வீண்.

ஒடுக்கு எடுப்பதில்தான் அதிகம் கெடுகிறது. நல்ல டிங்கர் (தகடு வேலை செய்பவர்) பின்னால் டோலி என்ற இரும்புக் கட்டியை முட்டுக்கொடுத்து, ஒடுக்கின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் தட்டிக்கொண்டு வருவார். நடுவிலேயே ஓங்கி அடித்தால் தகடு நீண்டு, அழுத்தினால் டொக் டொக்கென்று உள்ளே வெளியே போகும். அதை மறைக்கத்தான் பட்டியை (பள்ளத்தை நிரப்பும் பசையை) அப்புகிறார்கள். பட்டி 2, 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சைடு போர்டு நாள் முழுக்க அடித்து மூடப்படும், மூட்டை வந்து மோதும். தகடு வளைந்து கொடுக்கும், பட்டி கொடுக்காது, விரிசல் விடும். 100 கிராம் பட்டிக்கு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் 2 கிராம் போதும். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகக் கலந்தால் நிறம் மேலே கசிந்து பெயின்டில் கறையாகத் தெரியும். பட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் பிரைமர் அடிக்காமல் மழையில் ஓட்டக் கூடாது. வண்டியை எடுக்கும்போது சின்ன காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி ஒட்டிப் பாருங்கள். தகட்டில் ஒட்டுவது போல் அங்கே ஒட்டாவிட்டால் பட்டி தடிமன் என்று தெரிந்துவிடும்.

வெல்டிங் வைப்பதாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். பிஎஸ்6 வண்டிகளில் மறந்தால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவே போய்விடலாம். வெல்டிங் சூட்டில் தகட்டின் பின்பக்கப் பெயின்டும் கருகியிருக்கும். அங்கேயும் பிரைமர் அடிக்காவிட்டால் துரு உள்ளிருந்து வெளியே வரும்.

பிளாஸ்டிக் பம்பர் உள்ளே போயிருந்தால் கொதிக்கும் நீரை ஊற்றிப் பின்பக்கத்திலிருந்து தள்ளினாலே பெரும்பாலும் வந்துவிடும். பெயின்ட் அடிப்பதானால் பிளாஸ்டிக் பிரைமர் அவசியம். இல்லையேல் உரிந்து விழும். கிழிந்த ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரையும் அப்போதே மாற்றிவிடுங்கள்: பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை. எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது அதற்காக வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள்.

புதுப்பிக்கும்போது ஐஎம்டி 23-ஐ ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்குங்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த போனஸும் போய்விடும். இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஐஎம்டி 23 இருக்கிறதா இல்லையா என்பதைச் சரக்கு வாகனப் பாலிசியின் முதல் பக்கத்திலேயே, தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
வியாசர்பாடி, சென்னை - 39