ஏரிக்கரைச் சம்பை விட்டுவிடுங்கள்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கு,

வணக்கம். ஏரியைச் சீரமைக்கக் கேட்கும் மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நடைபாதை, விளக்கு, குப்பை அள்ளுவது எல்லாம் சரி. மூன்றாவது கோரிக்கைதான் இடிக்கிறது: கரையோரப் புதர் முழுவதையும் பொக்லைன் வைத்து அகற்றிவிட்டுச் சுற்றிலும் கல் பதிக்க வேண்டுமாம்.

அந்தப் புதரின் பெயர் சம்பு. ஆளுயரம் வளர்ந்து, குச்சியில் கோத்த கபாப் மாதிரி பழுப்புக் கதிர் விடுமே, அதுதான். மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் ஏரியில் சேரும் இடத்தில் அடர்ந்து நிற்கிறது. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்யும்போது குடையோடு வந்து பாருங்கள். வண்டி எண்ணெய், டயர்த் தூள், நாய்க் கழிவு, கட்டட மணல் என்று தெருவையே கழுவிக்கொண்டு டீ நிறத்தில் தண்ணீர் பாய்ந்து வரும். சம்புக்குள் நுழைந்ததும் தண்டுகளில் மோதி அடங்கிவிடும். வேகம் போனால் மண் அடியில் தங்கும். மண்ணோடு ஒட்டி வந்த பாஸ்பரசும் உலோகத் துகளும் கூடவே தங்கும்.

நீருக்கடியில் தண்டைத் தொட்டால் வழவழவென்றிருக்கும். அந்த நுண்ணுயிர்ப் படலம்தான் கரைந்து வரும் அழுக்கைத் தின்கிறது. வேர் வழியாகச் சேற்றுக்குள் கொஞ்சம் ஆக்சிஜன் இறங்க, அங்கே அம்மோனியா நைட்ரேட்டாகிறது. பக்கத்திலேயே, காற்று எட்டாத சேற்றில், வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடுகின்றன. இதற்கு மோட்டாரும் கிடையாது, மின்கட்டணமும் கிடையாது.

ஆனால் சாக்கடையையே திறந்துவிட்டால் எந்தச் சம்பும் தாங்காது. வரத்துக்காலில் கள்ளத்தனமாகச் செருகியிருக்கும் கழிவுநீர்க் குழாய்களைப் பற்றி மனுவில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்? (நம் தெருக் குழாய்களும் அதில் உண்டு என்பதாலா?)

கொசு என்பீர்கள். டெங்கு கொசு வளர்வது நம் மொட்டைமாடித் தொட்டியிலும் பழைய டயரிலும். சம்புக்குள் மீனும் தட்டான் குஞ்சும் கொசுப் புழுவைத் தின்றுகொண்டிருக்கின்றன. ஏரி நடுவே மிதக்கும் ஆகாயத்தாமரை வேறு விஷயம். தென் அமெரிக்காவிலிருந்து வந்து ஏரியை மூடுகிற களை அது. தாராளமாக அள்ளுங்கள், நானும் வருகிறேன்.

போன வியாழன் காலை, உபரி நீர் வழியும் கலங்கல் பக்கம் ஒரு நீலத்தாழைக்கோழி. சம்புத் தண்டு ஒன்றை அலகால் ஒடித்து, காலில் பிடித்துத் தூக்கி, கரும்பு கடிக்கிற மாதிரி தோலை உரித்து உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தைத் தின்றது. பால்காரரும் வண்டியை நிறுத்திப் பார்த்தார். அது கூடு கட்டுவதும் அந்தப் புதருக்குள்தான். கல் பதித்த கரையில் எங்கே கட்டும்?

நம் ஏரி நிரம்பினால் உபரி நீர் பள்ளிக்கரணைக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். ஒரு காலத்தில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு நிலம் பள்ளிக்கரணை. பெருங்குடிக் குப்பைமேடும் கட்டடங்களும் தின்றதுபோக மிஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல் ராம்சர் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் கீழ்த்தளங்களில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டலை இங்கேயே பிடித்து வைக்காவிட்டால் அங்கே போய்ப் படியும். மேடான சதுப்பில் வெள்ளம் எங்கே தங்கும்?

எனவே மூன்றாவது கோரிக்கையை இப்படித் திருத்துங்கள்: வரத்துக்கால் வாயில் இருக்கும் சம்பைத் தொடக்கூடாது. மற்ற இடங்களில் மழைக்காலம் முடிந்த பிறகு, கூடு இல்லாத பக்கமாகப் பார்த்து, வருடத்துக்கு ஒரு பகுதியை ஆள் வைத்து அறுக்கலாம். அறுத்ததைக் கரையிலேயே போட்டுவிடாமல் வெளியே கொண்டுபோக வேண்டும். உறிஞ்சிய சத்து மறுபடி ஏரிக்குள் போகக்கூடாது. அப்புறம், கழிவுநீர்க் குழாய்களை அடைக்கச் சொல்லி நான்காவதாக ஒரு கோரிக்கை. இரண்டையும் சேர்த்தால் ஞாயிற்றுக்கிழமையே கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருவாசி ஒருவர்