விண்வெளிச் சட்டம் கேட்ட மனுவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அல்சூர் சொந்தங்களுக்கும் பெங்களூரு நண்பர்களுக்கும் வணக்கம்.

விண்வெளித் துறைக்கு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும் என்று கேட்கும் நம் மனு, தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகி எம்.பி.க்களுக்குப் போய்விட்டது. கையெழுத்து என்னுடையது, உழைப்பு பலருடையது.

முதல் நன்றி மீன்கடை அக்காவுக்கு. தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் இஸ்ரோவின் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளம் பற்றி நான் டிவியில் பேசியதைப் பார்த்தவர், மறுநாள் கடையிலேயே அதன் பக்கத்து ஊரான மணப்பாட்டில் இருக்கும் தன் கொழுந்தனாருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். "ராக்கெட் விடுற அன்னிக்குக் கடலுக்குப் போகக் கூடாதுன்னா சரிம்மா. அன்னிக்குப் பொழப்புக்கு யாரு பொறுப்பு? மேலேருந்து எதாவது விழுந்து படகு உடைஞ்சா யாருகிட்ட போய் நிக்கிறது?" என்று கேட்டார் அந்தக் கொழுந்தனார். மனுவின் முதல் பக்கம் அந்தக் கேள்விதான்.

அதற்குச் சட்டத்தில் என்ன பதில் என்று தேடித் தந்தவர் வழக்கறிஞர் தம்பி. 1972-ஆம் ஆண்டின் சர்வதேசப் பொறுப்பு உடன்படிக்கைப்படி, நம் ராக்கெட்டின் பாகம் விழுந்து இலங்கை மீனவர் படகு உடைந்தால் இந்திய அரசு இழப்பீடு தந்தே ஆக வேண்டும். தவறு யாருடையது என்றுகூட நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு அது பொருந்தாது என்கிறது ஏழாவது பிரிவு. மணப்பாட்டுக்காரர் சாதாரண வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியதுதான். இந்த அநியாயத்தை உள்நாட்டுச் சட்டம் மட்டுமே சரிசெய்ய முடியும். 2017-இல் வரைவு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. 2023-இல் விண்வெளிக் கொள்கை வந்தது. 2024-இல் ராக்கெட் துறையில் 49 சதவீதம் வரை அந்நிய முதலீடு தானியங்கி வழியில், அதாவது அரசின் முன் அனுமதி இல்லாமலே, வரலாம் என்றார்கள். தனியார் வரட்டும், மனதார வரவேற்கிறேன். ஆனால் கொள்கையைக் காட்டி ஓர் ஏழை இழப்பீடு வாங்க முடியாது. ராக்கெட் பறக்கும் நாளில் எல்லாக் கட்சிகளும் வாழ்த்துகின்றன. மசோதா எங்கே என்று கேட்கும் குரல் போதவே போதாது.

ஸ்டார்ட்அப்பில் வேலை செய்யும் நண்பர் ஒவ்வொரு பத்திக்கும் மல்லுக்கு நின்றார். பொறுப்பு முழுவதையும் கம்பெனி தலையில் கட்டினால் சின்ன நிறுவனங்கள் இழுத்து மூடிவிட்டுப் போகும் என்பது அவர் வாதம். நியாயம்தான். பிரான்சின் 2008 சட்டத்தில் இருப்பதுபோல, ஒரு வரம்பு வரை நிறுவனம், அதற்கு மேல் அரசு என்ற யோசனையை மனுவில் சேர்த்தது அவரால்தான்.

பீன்யாவில் நம் முதல் செயற்கைக்கோள் ஆர்யபட்டா உருவான ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷெட்டுகளில் வேலை பார்த்த ஐயாவை எப்படி மறப்பேன்? குலசேகரன்பட்டினம் ஏன் தேவை என்று அவர் எங்கள் சாப்பாட்டு மேசையில் விளக்கினார். இலங்கைக்குப் பதில் ஓர் எவர்சில்வர் டம்ளர். மேலே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே கிளம்பிய விரல், இலங்கைக்கு மேலே ராக்கெட் பறக்கக் கூடாது என்பதால் டம்ளரைச் சுற்றி வளைந்து போனது. "இந்த வளைவுக்கே எரிபொருள் போயிடும்மா. சின்ன ராக்கெட்டுக்குக் கட்டுப்படியாகாது." பிறகு டம்ளருக்கு மேற்கே விரலை வைத்து நேராகத் தெற்கே இழுத்தார். என் மகள் அன்று முழுக்க அதையே செய்துகொண்டிருந்தாள். மனுவில் உள்ள படம் அந்த மேசையிலிருந்து வந்தது.

கன்னடத்தில் எழுதிக் கொடுத்தவர் எங்கள் வீட்டு ஓனரம்மா. "நம் ஊரில்தானே இஸ்ரோ தலைமையகம், கன்னடத்தில் இல்லாமல் எப்படி?" என்று அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். விவாதங்களுக்கு நான் ஓடிய மாலைகளில் மகளுக்குச் சோறூட்டி வீட்டுப்பாடம் எழுத வைத்த எதிர்வீட்டு அத்தைக்கும், கடைசி நேரத் திருத்தங்களை முகம் சுளிக்காமல் சேர்த்துக் கொடுத்த சிவாஜி நகர் அச்சகத்தாருக்கும் என் நன்றி.

மணப்பாட்டு அண்ணன் கேட்ட பிரதிகள் மீன்கடை அக்காவிடம் இருக்கின்றன. ஊருக்குப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அல்சூர் தோழி