சதுப்பு மீட்பில் நீர்ப்பூச்சிகளையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாசி மட்கிச் சேர்ந்த பீட் சதுப்புகளின் மீட்பு என்றாலே கரிமச் சேமிப்போடு பேச்சு நின்றுவிடுகிறது. வட இங்கிலாந்து மேட்டுநிலங்களில் சதுப்பில் வடிகால் வெட்டியதால் ஓடைகளில் பீட் துகள் படிந்து, கல்லிடுக்குகள் அடைபட்டன. ஓடை நீரில் வளரும் மே ஈ (mayfly), கல் ஈ (stonefly) இளம்பூச்சிகள் குறைந்து கருப்பு ஈப் புழுக்கள் பெருகின. இதைச் சரிசெய்ய வடிகாலை அடைக்க, சுமார் 10 மீட்டருக்கு ஒரு பீட் அணை வேண்டும். சரிவு கூடினால் இன்னும் நெருக்கமாக. அணை சுற்றுநிலத்தைவிடச் சற்று உயர்ந்திருந்தால்தான் மிகைநீர் பக்கவாட்டில் பரவும். தாழ்ந்தால் அணையே அரித்துப்போகும்.

நெதர்லாந்தில் எஞ்சிய சதுப்புகளிலோ ஒரே வீச்சில் நீரை நிறைப்பது ஆபத்து. பழைய குட்டைகளில் ஒதுங்கிப் பிழைத்த அரிய வண்டுகளும் தட்டான்களும் வாழிடம் இழக்கும். முதலில் அவற்றைக் கணக்கெடுத்து, பகுதி பகுதியாகவே நீர்மட்டத்தை உயர்த்த வேண்டும்.