தென்னை உச்சியில் பாடுகிறார்கள், தாத்தா

அபயாங் தீவு, கிரிபாட்டி
ஞாயிறு மாலை

அன்புள்ள தாத்தாவுக்கு,

உங்கள் பேத்தி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறேன். நீங்களும் பாட்டியும் அப்பாவும் அம்மாவும் தம்பியும் சுகமாயிருக்க நாள்தோறும் ஜெபிக்கிறேன். கைபேசியில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. இங்கிருந்தும் தொடர்பு பாதியில் அறுந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். அம்மா, இதைத் தாத்தாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டு. நடுவில் அவர் எழுந்து வெளியே போனால் மடித்து வைத்துவிடாதே. திரும்பி வந்த பிறகு மிச்சத்தையும் வாசி.

போய்ச் சேர்ந்த இடம் எது என்று சபையில் எல்லாரும் கேட்பதாக அம்மா சொன்னாள். மும்பையிலிருந்து சிங்கப்பூர். அங்கிருந்து பிஜி. பிஜியிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் பசிபிக் கடலுக்கு மேல் பறந்தால் தராவா என்ற தீவு. அதுதான் தலைநகரம். அந்தப் பெயரை முதலில் சொன்னபோது அப்பா, "தாராவியிலிருந்து தாராவிக்கேவா போகிறாய்?" என்று கேட்டார், நினைவிருக்கிறதா? தராவாவிலிருந்து படகு ஏறினால் நான் இருக்கும் அபயாங். உங்களுக்குக் காலை 6 மணி என்றால் இங்கே மதியம் 12.30. நீங்கள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கும் நேரத்தில் நான் பள்ளிக்கூடத்தில் மதியச் சோற்றுக்கு உட்கார்ந்திருப்பேன்.

நாட்டின் பெயரைக் கிரிபாட்டி என்று எழுதினாலும் கிரிபாஸ் என்றுதான் சொல்லவேண்டும். இவர்கள் மொழியில் மொத்தம் 13 எழுத்துகள்தான். 'ஸ்' ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது. 'டி' என்று எழுதி 'ஸ்' என்று வாசிக்கிறார்கள். ஆனால் நம்முடைய 'ங' இருக்கிறது, அதுவும் சொல்லின் முதலிலேயே. 'நான்' என்பதற்கு 'ஙாய்' என்பார்கள். வேறு நாட்டுக்காரர்கள் அந்த ஒலியில் தடுமாறுகிறார்கள். எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. அன்று என்னைச் சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

33 தீவுகள். நாட்டு மக்கள் எல்லாரையும் கூட்டினாலும் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். நம் தாராவிக்குள் அடங்கிவிடுவார்கள். ஆனால் இந்த நாட்டுக்குரிய கடல் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் இந்தியாவை அப்படியே தூக்கி அதில் வைத்தாலும் சுற்றிலும் தண்ணீர் மிச்சமிருக்கும். நிலமோ மோதிரம் போல வளைந்த மெல்லிய மணல்பட்டை. மோதிரத்துக்குள்ளே காயல், வெளியே பெருங்கடல். காயல் கரையிலிருந்து நடந்தால் சில நிமிடங்களில் கடல் கரை வந்துவிடும். மலை இல்லை, ஆறு இல்லை, ஓடை இல்லை. பெரும்பாலான இடங்களில் தரை கடலைவிட இரண்டு மூன்று மீட்டர்தான் உயரம். முதல் வாரம் இரவில் இரண்டு பக்கமும் அலைச் சத்தம் கேட்டுத் தூக்கமே வரவில்லை.

குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். திருச்செந்தூர் நாழிக்கிணற்றைப் பற்றி எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள், கடல் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் என்று. இந்தத் தீவு முழுவதுமே ஒரு நாழிக்கிணறுதான், தாத்தா. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் கனம் குறைந்ததால் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு. கொஞ்சமாகத் தோண்டினால் இனிப்பு. அந்த நீர்மட்டம் வரை குழி வெட்டி, தழையைப் போட்டு மக்கவைத்து, ஆள் உயரத்துக்குச் சேம்பு வளர்க்கிறார்கள். 'பாபாய்' என்று பெயர். விருந்தில் அதற்குத்தான் முதல் மரியாதை. மழை பொய்த்தாலும், பெரிய அலை ஏறிக் குழிக்குள் உப்பு புகுந்தாலும், பல வருட உழைப்பு அழுகிப்போகிறது.

நான் வந்த வேலையைச் சொல்கிறேன். காலையில் சபைப் பள்ளியில் கணக்கும் ஆங்கிலமும். மாலையில் நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து ஜெபம் செய்வது. ஞாயிறு பிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளி. புறப்பட்டபோது சபை என்னை மேடையில் நிறுத்தி, 'இருளில் இருப்பவர்களுக்கு ஒளி கொண்டு போகிறாள்' என்று ஜெபித்து அனுப்பியது. இங்கே அப்படி இருளில் யாரும் இல்லை, தாத்தா. இதே அபயாங்கில் 1857-இல் ஹைராம் பிங்காம் என்ற 26 வயது அமெரிக்கர் மனைவியோடு வந்து இறங்கினார். எழுத்தே இல்லாதிருந்த இவர்கள் மொழியைக் கற்று எழுதவைத்தார். உடல்நலம் கெட்டு ஹவாய்க்குத் திரும்பிய பிறகும் விடாமல் வேலை செய்து, 1890-இல் வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்து முடித்தார். இங்கே பாட்டிமார் அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். வாத்தியக் கருவி எதுவும் இல்லாமல் நான்கு குரலாகப் பிரிந்து பாடுகிறார்கள். முதல் ஆராதனையில் அந்தப் பாட்டைக் கேட்டு அழுதுவிட்டேன்.

எனவே நான் செய்யவேண்டியது வேறு என்று புரிந்துகொண்டேன். முதலில் கற்றுக்கொள்வது. 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 23. சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார் என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லித் தந்தார்களே, அதையேதான் நானும் செய்கிறேன். இங்கே மணல் வெள்ளை வெளேர் என்று இருக்கும், பவளப்பாறை நொறுங்கிய மணல். பிள்ளைகள் ஒரு சொல் எழுதுவார்கள், நான் கீழே எழுதுவேன், தவறென்றால் உள்ளங்கையால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதவைப்பார்கள்.

இப்போது உங்களுக்கு மட்டும் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

வந்த இரண்டாம் நாள் விடியுமுன் யாரோ வானத்திலிருந்து பாடுவது போலக் கேட்டது. பாயிலிருந்து எழுந்து வெளியே வந்தேன். இன்னும் இருட்டு. நான் தங்கியிருக்கும் வீட்டுப் பெரியவர் தென்னை உச்சியில் இருந்தார். பாடிக்கொண்டே பாளை சீவிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி இன்னொரு மரத்திலிருந்து இன்னொருவர் பாடினார். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, தீவு முழுக்க இப்படித்தான். விரியாத பாளையைத் தேங்காய்நார்க் கயிற்றால் இறுகச் சுற்றி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வளைத்து, நுனியை மெல்லிய தகடாகச் சீவி, சொட்டுகிற சாற்றைச் சிரட்டையிலோ புட்டியிலோ பிடிக்கிறார்கள். 'கரேவே' என்று பெயர். பெரியவர் இறங்கி வந்து ஒரு சிரட்டையை என் கையில் கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். அக்கானி, தாத்தா. நம் ஊர்ப் பனையின் பதநீரேதான்.

பத்து வயதில் ஒரே ஒரு முறை ஊருக்குக் கூட்டிப்போனீர்களே, அப்போது பனையோலைப் பட்டையில் குடித்த ருசி இத்தனை வருடம் கழித்து நாக்கில் வந்து நின்றது. இவர்களும் அதைக் காய்ச்சுகிறார்கள். கருப்பட்டி போலக் கட்டியாக்குவதில்லை. தேன் பதத்திலேயே இறக்கிவிடுகிறார்கள். 'கமைமாய்' என்று பெயர். வெந்நீரில் கரைத்துக் குடித்தால் பாட்டி போடும் கருப்பட்டிக் காப்பியில் காப்பித்தூள் மட்டும் இல்லாதது போல இருக்கிறது. அடுப்புப் பக்கம் போய் நின்றேன். பாகு கொதித்து நுரை ஏறும் வாசனையில், நீங்கள் கருப்பட்டி காய்ச்சிய விடிலி இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் விடிலியைப் பார்த்ததே இல்லை. நீங்கள் ஊரை விட்டு வந்து தோல் பதனிடும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதானே அப்பாவே பிறந்தார்.

மும்பை மே மாதத்திலும் நீங்கள் பனியனைக் கழற்றியதில்லை. சின்ன வயதில் ஒரு நாள் நீங்கள் குளித்துவிட்டு வந்தபோது நெஞ்சைப் பார்த்துவிட்டேன். நடுவில் தோல் தடித்து, ஆமை ஓடு போலக் கருத்துக் காய்த்திருந்தது. என்ன தாத்தா என்று தொட்டேன். கையைத் தட்டிவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டீர்கள். அது பனைமரம் அணைத்து ஏறிய காய்ப்பு என்று பாட்டிதான் பிறகு ரகசியமாகச் சொன்னாள். தாத்தா என்ன வேலை செய்தார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் ஊரில் கடை வைத்திருந்தார் என்று சொல்லச் சொல்லி வளர்த்தீர்கள். ஊரில் பனையேறி என்ற சொல்லை எந்த வாயால், எந்தக் குரலில் சொன்னார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். உங்களைக் குறை சொல்லவில்லை.

இங்கே ஒவ்வொரு ஊரிலும் 'மனியாபா' என்ற பெரிய சபைக்கூடம் இருக்கிறது. சுவர் கிடையாது. தாழை ஓலை வேய்ந்த கூரை அவ்வளவு தாழ இறங்கியிருக்கும், யாராக இருந்தாலும் குனிந்துதான் நுழையவேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் தலைமுறை தலைமுறையாக உட்காரும் இடம் உண்டு. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது யாரும் நிமிர்ந்து நடப்பதில்லை. போன மாதம் அங்கே ஒரு விருந்து. புதிதாக வந்தவள் என்பதால் என்னை எழுந்து என் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அப்பா டெம்போ ஓட்டுகிறார் என்றேன். தாத்தா என்று கேட்டார்கள். கடை என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்தது.

எனக்குத் தெரிந்த கொஞ்ச மொழியில் சொன்னேன்: என் தாத்தா பாளை சீவியவர். காலையிலும் மாலையிலும் ஏறியவர்.

கூடத்தில் ஒரு சலசலப்பு. எத்தனை மரம் என்று கேட்டார் ஒருவர். பாட்டி சொல்லியிருந்த கணக்கைச் சொன்னேன், நாளுக்கு 40 மரம், ஒவ்வொன்றிலும் இரண்டு முறை. யாரும் நம்பவில்லை. இங்கே ஒருவருக்குச் சில மரங்கள்தான். தென்னையில் படி போல வெட்டு வைத்து ஏறுவார்கள். பனையில் வெட்டு வைப்பதில்லை, காலில் தளைநார் போட்டு, மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுவார் என்றேன். பனை இந்தத் தீவில் இல்லை. மணலில் வரைந்து காட்டினேன்: விசிறி ஓலை, கருத்த மரம், இடுப்பில் அரிவாள்பெட்டி, நெஞ்சில் காய்ப்பு. வீட்டுப் பெரியவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தன் குடும்பம் உட்காரும் இடத்தில், தன் பக்கத்தில், பாயை விரித்து உட்காரவைத்தார். அன்றிலிருந்து மனியாபாவில் அதுதான் என் இடம். அது உங்களால் கிடைத்த இடம், தாத்தா.

இன்னொன்றும் எழுதவேண்டும். இதே தீவில் தெபுங்கினாகோ என்று ஓர் ஊர். கரை அரித்து, வீடு வீடாகக் கடல் எடுத்துக்கொண்டதால் மக்கள் உள்ளே தள்ளிப் போய்க் குடியேறிவிட்டார்கள். பழைய தேவாலயம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. அலை ஏறும்போது அதைச் சுற்றிலும் கடல். போய்ப் பார்த்தேன். எங்களோடு வந்த பாட்டி ஒருத்தி தண்ணீரில் இறங்கி ஓர் இடத்தில் நின்று, இதுதான் என் அடுப்படி என்றாள். முழங்கால் அளவு தண்ணீர். அவள் அழவில்லை, இடத்தைக் காட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக நம் வீட்டுக் கதவிலும் எண் எழுதிவிட்டுப் போனார்கள் என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்கு அந்த நினைவாகவே இருக்கிறது. நீங்கள் ஒரு முறை ஊரை விட்டு வந்தவர். இரண்டாம் முறை எங்கே என்று தெரியாமல் இந்த வயதில் நீங்கள் காத்திருப்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அளக்க வருகிறவர்கள் கேட்டால் பழைய ரேஷன் அட்டையையும் மின்கட்டண ரசீதுகளையும் தம்பி எடுத்து வைக்கட்டும். தகரப் பெட்டியில் அடியில் இருக்கின்றன.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. இங்கே சாறு பிடிக்கும் சிரட்டையில் சுண்ணாம்பு தடவுவதை நான் பார்க்கவில்லை. அதனால் வெயில் ஏறியதும் புளிக்கத் தொடங்கிவிடுகிறது. புளித்ததைக் குடித்துவிட்டு இளைஞர்கள் சிலர் வீட்டில் சண்டை போடுகிறார்கள். அந்தப் பெண்கள் என்னிடம் வந்து அழுகிறார்கள். சுண்ணாம்பு இருந்தால் அன்று முழுக்க இனிப்பாக வைத்திருந்து, மாலையில் எல்லா வீட்டுச் சாற்றையும் சேர்த்து ஒரே அடுப்பில் காய்ச்சலாம், விறகும் மிச்சம் என்று வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். உன் தாத்தாவிடம் கேட்டு எழுது, செய்து பார்க்கலாம் என்றார். பவளப்பாறை இங்கே எங்கும் கிடக்கிறது, சுட்டால் சுண்ணாம்பாகும். ஆனால் நீங்கள் தடவியது சிப்பிச் சுண்ணாம்புதானே? பவளச் சுண்ணாம்பு ஆகுமா? கலயத்தின் உட்புறம் முழுவதும் தடவவேண்டுமா, அடியில் மட்டும் போதுமா? எந்தப் பதத்தில் குழைப்பது? கூடினால் சாறு கரித்துப்போகுமா? காய்ச்சுமுன் சுண்ணாம்பை எப்படித் தெளியவைத்து இறுத்தீர்கள்?

நீங்கள் சொல்லச் சொல்லத் தம்பி ஒரு வார்த்தையும் விடாமல் எழுதி அனுப்பட்டும். பெரியவர் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்கள் அன்புப் பேத்தி