செம்பனை ஆலைத் திருகுகளுக்குக் கார்பைடு மேற்பூச்சு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவில் 1917-இல் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இருக்கும் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், செம்பனை ஆலையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எலக்ட்ரான் கற்றையால் எஃகின்மேல் கார்பைடு என்னும் மிகக் கடினமான, கார்பன் கலந்த உலோகச் சேர்மத்தைப் படியவைக்கும் முறையை நம் ஆலைகளுக்காகச் சோதிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அவித்து மசித்த பழத்தைச் சுருள் திருகுகளால் பிழியும் ஸ்குரூ பிரஸ்ஸில் கொட்டை ஓடும் நாரும் குலையோடு வரும் மணலும் சேர்ந்து திருகின் விளிம்பை அரித்துவிடுகின்றன. விளிம்பு தேய்ந்து இடைவெளி கூடினால் எண்ணெய் சக்கையோடு போய்விடும். குரோமியம் கார்பைடு வெல்டிங் கம்பியால் அதை நிரப்பி, கிரைண்டரால் சீவி மீண்டும் பூட்டுவோம், அதுவும் தேயும்.

ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரிலுள்ள புட்கர் அணு இயற்பியல் நிறுவனத்தில், சுமார் 14 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கற்றையை வெற்றிடத்திலிருந்து வெளிக்காற்றுக்கே கொண்டுவந்து, எஃகின்மேல் பரப்பிய கார்பைடுத் தூளை உருக்கிப் படியவைக்கிறார்கள். இவ்வளவு வேகமான எலக்ட்ரான்கள் எஃகுக்குள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரை ஊடுருவுவதால், சூடு மேற்பரப்பில் மட்டும் நில்லாமல் ஆழத்திலேயே பிறக்கிறது. தூளோடு கலக்கும் ஃபுளோரைடு உருகலைக் காற்றிலிருந்து காக்கிறது.

ஆனால் எந்தக் கார்பைடு என்பதில் கவனம் தேவை. டங்ஸ்டன் கார்பைடு உருகிய இரும்பில் ஓரளவு கரைந்து நொறுங்கும் கலவைக் கார்பைடுகளை உண்டாக்கும். அதைவிடக் கடினமான டைட்டானியம் கார்பைடு இரும்பைவிட இலேசானது என்பதால் மேலே மிதக்கப் பார்க்கும். பூச்சில் விரிசல் விழுந்து ஒரு துண்டு பெயர்ந்தாலும் பிரஸ்ஸுக்கே ஆபத்து. சுருள் விளிம்பின் எல்லாப் பக்கமும் கற்றையில் படும்படி திருகைச் சுழற்றும் ஏற்பாடும், எக்ஸ் கதிரைத் தடுக்கும் கான்கிரீட் அறையும் வேண்டும்.

மின்கம்பி உறைகளைப் பதப்படுத்த மலேசிய அணுசக்தி நிறுவனம் வைத்திருக்கும் 30 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் முடுக்கி அகல விரித்த கற்றைக்கானது. எஃகை உருக்கக் குவிந்த கற்றை வேண்டும். ஆயினும் கதிர்ப் பாதுகாப்பில் தேர்ந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களும் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியமும் சேர்ந்து, முதலில் சில திருகுகளையாவது வெளிநாட்டுக்கு அனுப்பிப் பூச்சிட்டுத் தருவிக்கலாம். பிரஸ்ஸில் இரு திருகுகள் அருகருகே சுழல்வதால், ஒன்றில் புதிய பூச்சும் மற்றதில் வழக்கமான வெல்டிங்கும் இட்டு, ஒரே பழத்தில் சம நேரம் ஓட்டி, இரண்டின் விளிம்பையும் அளந்து பார்த்து, அந்த அளவுகளை ஆலைத் தொழிலாளர்களுக்கும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைப் பிட்டர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.