47-ஆம் எண் சீட்டு

பல் ஈறு நோயையும் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தையும் சேர்த்து ஆராயும் பேராசிரியர்களுக்கும், அவர்களுடைய கட்டுரைகளை எண்ணிப் பார்த்துப் பதவி உயர்வு கொடுக்கும் குழுக்களுக்கும்,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் தென்கடலில் கடற்பாசி எடுத்தவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்குவார். இப்போது காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு அந்த விரல்களை மடக்க முடிவதில்லை. அதற்கு வெகுநாள் முன்பே ஈறில் ரத்தம் கசிந்தது, கீழ்வரிசைப் பற்கள் ஆடின. "வேலை பார்த்த கை, வலிக்கத்தான் செய்யும்" என்று அவரே முடிவு கட்டிவிட்டார். மருத்துவர் ரத்தம் சோதித்து முடக்குவாதம் என்று சொன்னது போன வருஷம்தான்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குழு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பெண்களை உட்காரவைத்து, மெல்லிய கம்பி போன்ற கருவியால் ஈறின் ஆழத்தை அளந்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், ஒரு எண் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டார். முடிவு வரவேயில்லை. போன மாதம் அந்தக் குழுத் தலைவரின் கட்டுரைப் பட்டியல் கண்ணில் பட்டது. நீளமான பட்டியல். எங்கள் கடற்கரையும் அதில் ஒரு வரியாக இருந்தது. பக்கத்தில் மேற்கோள் எண்ணிக்கை 3, அதாவது மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் அதைச் சுட்டிக்காட்டியது மூன்றே முறை. மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்து அவர் எழுதியவற்றுக்கு நூற்றுக்கணக்கில்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் யோசித்தால் அவரை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இண்டெக்ஸ் என்ற கணக்கைக் கொண்டுவந்தார். ஒருவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு 20. இந்தக் கணக்கில், வெயிலில் நின்று ஊர் ஊராக வாய் பார்த்து எழுதிய கட்டுரை 3 மேற்கோளோடு நின்றுவிட்டால், அவருடைய எண்ணைக் கொஞ்சமும் ஏற்றாது. அறையில் உட்கார்ந்து தொகுத்தது ஏற்றும். அப்புறம் யார் மண்டபத்துக்கு பஸ் ஏறுவார்? கட்டுரை வெளிவந்த ஆய்விதழின் மதிப்பெண்ணை வைத்து ஒரு கட்டுரையையோ அதை எழுதியவரையோ எடை போடாதீர்கள் என்று 2012-இலேயே சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பிரகடனம் எழுதினார்கள். குழுக்களில் இருப்பவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் துறையில் இன்னும் முடியாத கேள்வி இருப்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற ஈறுக் கிருமி, புரதத்தில் இருக்கும் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைச் சிட்ருலின் என்ற வேறொன்றாக மாற்றும் நொதியை வைத்திருக்கிறது. அப்படி மாறிய புரதங்களை உடம்பு அந்நியமாக நினைத்து எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது, அதுவே மூட்டைத் தாக்கும் கதையின் தொடக்கமாக இருக்கலாம் என்கிறீர்கள். ஈறைச் சுத்தம் செய்ததும் மூட்டு நோயின் வேகம் குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. குறையவில்லை என்று வந்த ஆய்வும் உண்டு. முதல் வகை கைக்குக் கை மாறி மேற்கோளாகி, இரண்டாவது மூலையில் கிடந்தால், எண்ணிக்கை உயருமே தவிர கேள்வி தீராது.

இன்னொன்று. அந்த எதிர்ப்பொருள் மூட்டு வலிக்கத் தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பே ரத்தத்தில் தென்படலாம். அன்று பள்ளிக்கூடத்தில் எடுத்த ரத்தத்தில் அது இருந்ததா? இருந்திருந்தால் மருந்து எவ்வளவு முன்னால் தொடங்கியிருக்கும்? இந்தக் கேள்வி எனக்கு ராத்திரியில்தான் வருகிறது.

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெண்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் என்ற ஜெல்லி போன்ற பொருளைக் காய்ச்சுகிறார்கள். ஆய்வகத் தட்டில் கிருமி வளர்வது அகரின் மேல்தான். கட்டக்கோரை என்ற இன்னொரு பாசியிலிருந்து ஆல்ஜினேட் வருகிறது. பல் செட்டுக்கு அளவெடுக்க வாயில் வைக்கிறீர்களே, அந்த மாவு. இதையெல்லாம் எந்த மேற்கோள் கணக்கில் வைப்பது?

குழுக்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கட்டுரைப் பட்டியலைப் புரட்டும்போது, ஆய்வுக்கு உட்பட்டவர்களுக்கு முடிவைத் தமிழில் கொண்டுபோய்ச் சேர்த்தாரா என்றும் ஒரு முறை கேளுங்கள். சேர்த்திருந்தால் அதற்கும் மதிப்புக் கொடுங்கள்.

பேராசிரியர்களே, அன்று வந்த குழு உங்களில் யாரோ ஒருவருடையது. அம்மாவின் சீட்டில் 47 என்று நீல மையில் எழுதியிருக்கிறது. ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார். பழைய பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடிப் பார்த்துச் சொல்ல முடியுமா?

இப்படிக்கு,
பாசி எடுத்த ஒருவரின் மகள்